பொங்கலுக்கு அடித்த பெயின்ட் மாசியில் கறுத்தது ஏன்? வெள்ளம் வடிந்த வீட்டில் பூஞ்சையைத் தடுக்க வத்தல்மலையில் கற்ற பாடம்!

வத்தல்மலையில் காலை 8 மணி. பத்தடி தூரத்தில் நிற்கும் பலாமரம் கண்ணுக்குத் தெரியவில்லை. மேகம் வாசல்படி வரை வந்து நிற்கிறது. எனக்குக் கடுங்காபி கொடுத்துவிட்டு, மேஸ்திரி எழுந்துபோய் வீட்டின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

“காத்து வரட்டுமே, ஏன் சாத்துறீங்க?” என்றேன்.

“இப்ப வர்றது காத்து இல்ல பாப்பா, தண்ணி. பத்து மணிக்கு மேல வெயில் வரும். அப்ப எல்லாத்தையும் தெறந்து வுட்டுடலாம்” என்றார்.

இந்த ஒரு விஷயம் 2024 டிசம்பரில் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்திருந்தால், அரூர் பக்கம் இருக்கும் என் சித்தி ஒரே சுவருக்கு இரண்டு முறை செலவு செய்திருக்க மாட்டார். அவருடைய 6 வயது மகனும் அத்தனை ராத்திரிகள் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான்.

அடுத்த மழைக்காலம் வாசலில் நிற்கிறது. எங்கள் வீடு பட்ட பாட்டையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் உங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

அந்த டிசம்பர் மழை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ‘கடலோர மாவட்டங்களுக்குத்தானே ஆபத்து’ என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆனால், கரையைக் கடந்த பிறகும் அது மெதுவாகவே நகர்ந்து உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அரூரில் 33 சென்டிமீட்டர். வறட்சி மாவட்டம் என்றே பேசப்பட்டுவந்த ஊர்களில் பஸ்களும் கார்களும் தண்ணீரில் அடித்துச்செல்லப்பட்ட காட்சிகளை நாம் எல்லோரும் செல்போனில் பார்த்தோம்.

சித்தி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இரண்டாம் நாள் வடிந்தது. சேற்றை வாரிக் கொட்டி, ஃபினாயில் ஊற்றிக் கழுவி, ‘அப்பாடா’ என்று உட்கார்ந்தார்கள். சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு மட்டும் மிச்சம்.

அடுத்து வந்தது பொங்கல். நம் ஊரில் போகிக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் இருக்க முடியுமா? அதுவும் வெள்ளக்கோடு தெரியும் சுவரோடு சொந்தக்காரர்களை எப்படி உள்ளே கூப்பிடுவது? ஜனவரி முதல் வாரத்திலேயே பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பளபளவென்று எமல்ஷன் பெயின்ட் அடித்துவிட்டார்கள். மழை நின்று ஐந்து வாரம்கூட ஆகவில்லை. பொங்கலுக்கு வீடு புதுப்பெண் மாதிரி ஜொலித்தது.

மாசி மாதம் பீரோவை நகர்த்தியபோதுதான் தெரிந்தது. பின்னால் சுவர் முழுக்க மிளகைத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. கையை வைத்தால் தோல் மாதிரி உரிந்துவந்தது. ஈரத்துணியை மூட்டையில் கட்டிவைத்த மாதிரி ஒரு வாடை. அந்தச் சுவரை ஒட்டித்தான் தம்பியின் கட்டில். குளிர்காலச் சளி என்று நினைத்த இருமல் ஏன் நிற்கவில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. பிறகு மருத்துவரிடம் அழைத்துப்போனபோது அவர் கேட்ட இரண்டாவது கேள்வியே, “வீட்டுச் சுவரில் ஓதம் இருக்கா?” என்பதுதான்.

மலையில் இருந்து வந்த மேஸ்திரி

சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரி வத்தல்மலைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். தருமபுரியைச் சுற்றிப் பல வருடங்களாகக் கட்டட வேலை பார்ப்பவர். அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, “சொவரு இன்னும் தண்ணி குடிச்சபடியேதான் இருக்கு. அது வாயை அடைச்சு வெச்சிருக்கீங்க.”

அவர் சொன்னபடி பங்குனியில் வேலையைத் தொடங்கினோம். அதெல்லாம் முடிந்த பிறகு, இந்தக் கட்டுரைக்காக அவர் ஊருக்கே போனேன்.

தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப்போனால், 3,000 அடிக்கு மேல் வத்தல்மலை. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் பெரியூர், சின்னங்காடு, ஒன்றிக்காடு, பால்சிலம்பு எனச் சிறு சிறு ஊர்கள். காபி, மிளகு, பலா ஒரு பக்கம். சாமை, ராகி, கடுகு இன்னொரு பக்கம். இங்கே வீட்டுக்குள் வெள்ளம் புகுவதில்லை. ஆனால், பனியும் மேகமும் சாரலும் சேர்ந்து மாதக்கணக்கில் சுவரை ஈரமாகவே வைத்திருக்கும். வெள்ளம் வந்த வீட்டுக்கு ஒருமுறை வரும் பிரச்னை, மலை வீட்டுக்கு ஒவ்வொரு வருடமும் வருகிறது. அதனால் ஈரத்தோடு வாழும் பழக்கம் இவர்களுக்கு இருக்கிறது.

பூஞ்சைக்கு என்ன வேண்டும்?

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. உங்கள் வீட்டில், என் வீட்டில், மருத்துவமனையில், எங்கும் உண்டு. அவை முளைக்கத் தேவையானவை மூன்று. மிதமான வெப்பம், சாப்பிட ஏதாவது ஒன்று, ஈரம். வெப்பம் நம் ஊரில் வருடம் முழுக்க இருக்கிறது. சாப்பாட்டுக்கு மரம், பிளைவுட், அட்டை, துணி, பெயின்டில் இருக்கும் பசை, சுவரில் படிந்த தூசி போதும். நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் பூஞ்சை வளராது.

கையில் நேரமும் அதிகமில்லை. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலரவில்லை என்றால் பூஞ்சை வளர ஆரம்பிக்கும் என்பது உலகம் முழுக்கச் சுகாதாரத்துறையினர் சொல்லும் கணக்கு. 2005-ல் கத்ரீனா புயலால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. இரண்டு மாதம் கழித்து அங்கே 112 வீடுகளை ஆய்வு செய்தபோது, ஏறக்குறைய பாதி வீடுகளில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பூஞ்சை இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஓதமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் வசிப்பதற்கும் ஆஸ்துமா, மூச்சுக்குழாய்த் தொல்லைகளுக்கும் தொடர்பு இருப்பதைத் தெளிவாகச் சொல்கிறது.

உப்பா... பூஞ்சையா?

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூஞ்சை கிடையாது. செங்கல்லிலும் மணலிலும் இருக்கும் உப்பு, ஈரத்தோடு வெளியே வந்து, தண்ணீர் ஆவியானதும் வெள்ளைப் பொடியாகச் சுவரில் தங்கும். ‘சுவர் பொரிஞ்சிருக்கு’ என்பார்களே, அது இதுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. கரையாமல், பஞ்சு போலவோ வழவழப்பாகவோ இருந்தால் பூஞ்சை. கறுப்பு, பச்சை, சாம்பல் நிறம் என்றாலும், மக்கிய வாடை அடித்தாலும் பூஞ்சைதான். உப்பு உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால், ‘சுவருக்குள் இன்னும் தண்ணீர் நடமாடுகிறது’ என்று அது சொல்கிறது. உப்புப் பூக்கும் சுவரில் பெயின்ட் அடிப்பது வீண் செலவு.

தண்ணீர் வடிந்ததும் முதல் 48 மணி நேரம்

* முதலில் மின்சாரம். தண்ணீர் ஏறிய வீட்டில் மெயின் சுவிட்சை நிறுத்திவைத்துவிட்டு, எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகே ஃபேன், மோட்டாரைத் தொடுங்கள். வீட்டை உலர்த்தும் அவசரத்தில் நனைந்த சுவிட்சைத் தட்டாதீர்கள்.

* சேறு காய்வதற்குள் வாரி வெளியேற்றுங்கள். காய்ந்தால் தூசியாகப் பறக்கும். சாக்கடையும் கலந்த தண்ணீர் அது என்பதை மறக்க வேண்டாம்.

* வீட்டைப் படம் எடுத்துவையுங்கள். தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி எடுங்கள். நிவாரணமோ, காப்பீடோ கேட்க உதவும். எந்த உயரம் வரை பூச்சைக் கொத்த வேண்டும் என்று மேஸ்திரிக்கும் தெரியும்.

* பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் சுவரிலிருந்து தள்ளி நடு வீட்டுக்கு இழுங்கள். எங்கள் வீட்டில் நாங்கள் செய்யத் தவறியது இதைத்தான்.

* நனைந்த இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, ஃபோம் சோஃபா, உப்பிப்போன பிளைவுட் அலமாரி. இவற்றை இரண்டு நாளில் முழுதாக உலர்த்த முடியாது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பூத்துவிடும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெளியேற்றுவதுதான் நல்லது. கல்யாணச் சீராக வந்த மெத்தையைத் தூக்கிப்போடச் சித்திக்கு மனசே வரவில்லை. வெயிலில் போட்டு எடுத்து, மறுபடியும் தம்பியின் கட்டிலிலேயே விரித்திருந்தார்.

* இரும்பு, ஸ்டீல், கண்ணாடி, பிளாஸ்டிக், நன்றாகக் காய்ந்த கெட்டி மரம் இவற்றைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். துணிகளைச் சுடுதண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவையுங்கள்.

* பத்திரம், சான்றிதழ்கள் நனைந்திருந்தால் வெயிலில் போடாதீர்கள், சுருங்கிவிடும். பக்கங்களுக்கு நடுவே மை ஒட்டாத வெள்ளைத்தாளை வைத்து, ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். உடனே முடியாவிட்டால், பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிட்டால் பூஞ்சை வளராது. பிறகு நிதானமாக எடுத்து உலர்த்தலாம்.

ஜன்னலை எப்போது திறப்பது?

‘வீட்டைத் திறந்து போடுங்கள்’ என்று எல்லோரும் சொல்வார்கள். எப்போது திறப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெளியே மழையோ பனிமூட்டமோ இருக்கும்போது ஜன்னலைத் திறந்தால், வெளியீரம் வீட்டுக்குள் வந்து குளிர்ந்த சுவரில் வியர்த்துவிடும். மலையில் காங்கிரீட் கூரை போட்ட தொகுப்பு வீடுகளில் காலையில் கூரையின் அடியில் நீர்த்துளிகள் கோத்திருப்பதை மேஸ்திரி காட்டினார். இரவு சமைத்த சோற்றின் ஆவியும், ஆட்களின் மூச்சும் சேர்ந்து குளிர்ந்த கூரையில் படிந்தவை அவை.

எனவே, வெயில் ஏறிய பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள். மாலை பனி இறங்கும் முன் சாத்துங்கள். ஒரு மேசை மின்விசிறியை ஜன்னலுக்கு வெளியே பார்த்து வைத்தால், அது வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்றை இழுத்து வெளியே தள்ளும். ஆனால், சுவரில் ஏற்கெனவே பூஞ்சை தெரிந்தால், அதைத் துடைத்து எடுக்கும்வரை ஃபேனை அதன் மேல் வீசவிடக் கூடாது. வித்துகள் வீடு முழுக்கப் பரவிவிடும்.

வீட்டுக்குள் கயிறு கட்டித் துணி காயப்போடுவதையும் நிறுத்துங்கள். காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன மீட்டர்கள் இப்போது ஆன்லைனில் கிடைக்கின்றன. வீட்டுக்குள் 60 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி.

கிண்ணத்தில் கல்லுப்பு, மரக்கரி வைப்பது பலன் தருமா? மூடிய சின்ன அலமாரிக்குள் கொஞ்சம் உதவும். நனைந்த சுவருக்கு அதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. நாப்தலின் உருண்டையும் கற்பூரமும் வாடையை மறைக்குமே தவிர, ஈரத்தை எடுக்காது.

பூஞ்சையைத் துடைப்பது எப்படி?

மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம். அதற்கு மேல் பரவியிருந்தாலோ, கூரைக்குள் போயிருந்தாலோ, அனுபவமுள்ள ஆளைக் கூப்பிடுங்கள்.

என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது. குழந்தைகளையும் பெரியவர்களையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

காய்ந்த துடைப்பத்தால் தட்டவே கூடாது. முதலில் சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்து நனைத்த பிறகு, தேய்த்துத் துடைத்து எடுங்கள். துடைத்த துணியைப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். அதே நாளில் அந்த இடத்தை உலர்த்திவிட வேண்டும்.

பிளீச்? டைல்ஸ், சிங்க் போன்ற வழுவழுப்பான இடங்களில் சோப்பால் கழுவிய பிறகு பயன்படுத்தலாம். வீட்டு உபயோக பிளீச் திரவம் என்றால், 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு டம்ளருக்கு மேல், அதாவது 240 மில்லிக்கு மேல், வேண்டாம். செங்கல், சிமென்ட் பூச்சு, மரத்தில் அது மேலே உள்ள நிறத்தை மட்டும் வெளுக்கும். உள்ளே இறங்கிய இழைகள் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு அதிலிருக்கும் தண்ணீரும் சுவருக்குள் இறங்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: பிளீச்சையோ பிளீச்சிங் பவுடரையோ பாத்ரூம் ஆசிட், டாய்லெட் கிளீனரோடு ஒருபோதும் கலக்காதீர்கள். ‘ரெண்டும் சேர்ந்தா நல்லாப் போகும்’ என்று சிலர் ஊற்றுவார்கள். அதிலிருந்து குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. அம்மோனியா உள்ள கிளீனர்களோடும் பிளீச் கூடாது.

சுவர் காய்ந்துவிட்டதா? ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை

தொட்டுப் பார்த்தால் சுவர் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் உள்ளே குடித்த தண்ணீரை விடுவதற்கு வாரங்கள் போதாது, மாதங்கள் பிடிக்கும். கனமான சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்று கட்டட வேலையில் ஒரு தோராயக் கணக்கே உண்டு. காற்றும் வெயிலும் பட்டால் சீக்கிரமாகவும், மூடிக்கிடந்தால் தாமதமாகவும் ஆகும்.

மேஸ்திரி எங்கள் வீட்டில் செய்த சோதனை இது. ஒன்றரை அடிச் சதுரத்தில் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டிவிட வேண்டும். ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால், சுவர் இன்னும் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. ஷீட்டின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால், அறைக் காற்றில்தான் ஈரம் அதிகம். இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால் அடுத்த வேலையை யோசிக்கலாம். தரையோரம், தண்ணீர் நின்ற கோட்டுக்கு அருகில், மூலை என மூன்று இடங்களில் ஒட்டிப் பார்ப்பது நல்லது.

எங்கள் வீட்டில் பங்குனியில் ஒட்டிய ஷீட், மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்த கண்ணாடி மாதிரி நனைந்திருந்தது. டிசம்பரில் வந்த தண்ணீர் அது!

பழுது பார்க்கும் வரிசை

1. முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். கூரை விரிசல், ஒழுகும் பைப், சுவரை ஒட்டித் தேங்கும் மழைநீர், உடைந்த தூம்பு. இதைச் சரிசெய்யாமல் உள்ளே செய்யும் எந்த வேலையும் நிற்காது. சுவரை ஒட்டிக் குவித்த மண், மணல், விறகை அகற்றி, வாசலிலிருந்து தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுங்கள்.

2. சாவி அல்லது சுத்தியலால் பூச்சை மெல்லத் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று காலிச் சத்தம் வந்தால் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. அதைக் கொத்தி எடுத்துவிட வேண்டும். தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலும் ஓர் அடி வரை பாருங்கள். செங்கல் தண்ணீரை மேல்நோக்கி உறிஞ்சும்.

3. எமல்ஷன், பட்டி இருந்தால் சுரண்டி எடுங்கள். சுவர் காய வழி திறப்பது இதுதான்.

4. காயவிடுங்கள். இதுதான் கஷ்டமான வேலை. ஏனென்றால், எதுவும் செய்யாமல் காத்திருக்க வேண்டும்.

5. பிளாஸ்டிக் ஷீட் சோதனையில் தேறிய பிறகு மறுபூச்சு. அந்தப் பூச்சும் காய வேண்டும். அதற்குப் பிறகே பெயின்ட்.

‘ஓதம் தடுக்கும் பெயின்ட்’ என்று டின் டின்னாகக் கடையில் கிடைக்கிறது. வெளிச்சுவரில் மழை இறங்காமல் தடுக்க அது உதவலாம். ஆனால், நனைந்த சுவரின் உட்பக்கம் அதை அடித்தால், தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

சுண்ணாம்பின் அருமை

மேஸ்திரியின் வீட்டுக்குப் பக்கத்தில் அவருடைய அம்மா இருந்த பழைய மண்சுவர் வீடு இன்னும் நிற்கிறது. அதன் ஒரு பக்கத்துக்கு மட்டும், ‘உறுதியா இருக்கட்டும்’ என்று யாரோ சொல்லக் கேட்டுச் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். அந்தப் பக்கம்தான் அடியில் கரைந்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்திருக்கிறது. மண்சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. மண்சுவருக்கு மண்பூச்சும் சுண்ணாம்பும்தான் பொருத்தம்.

சுண்ணாம்பு வெள்ளையடிப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை மிக அதிகம், பிஹெச் அளவில் 12-க்கும் மேல். அந்தக் காரத்தில் பூஞ்சை பிழைக்காது. நாள்பட்டால் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்பு கல்லாக மாறிவிடும், காரமும் குறையும். வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வெள்ளையடித்த நம் வழக்கத்தின் அருமை இப்போது புரிகிறதா?

ஒரு கவனம்: சுண்ணாம்பு உதிராமல் இருக்கக் கஞ்சியோ வஜ்ஜிரமோ கலப்பவர்கள் உண்டு. ஓதமான சுவரில் அது பூஞ்சைக்கு நாமே வைக்கும் விருந்து. வெள்ளையடிக்கும்போது கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மலை வீடுகளில் அடுப்புக்கு மேல் பரண் கட்டி விதைகளை வைப்பார்கள். அடுப்புச் சூடும் புகையும் விதையை உலர்வாக வைத்திருக்கும். அதற்காக ‘புகை நல்லது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விறகுப்புகை நுரையீரலுக்குக் கேடு. அந்தப் பழக்கத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, தானியத்தைத் தரையிலும் சுவரோரத்திலும் வைக்கக் கூடாது என்பதைத்தான்.

சாப்பாட்டுப் பொருளில் சமரசம் வேண்டாம்

நனைந்து பூத்த வேர்க்கடலை, சோளத்தைக் கழுவிக் காயவைத்து வறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. தவறு. அதில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைப் பாதிக்கும் அந்த நஞ்சு, வீட்டில் வேகவைப்பதாலோ வறுப்பதாலோ முழுதாகப் போவதில்லை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்துவிழுந்தன. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு அவற்றுக்குத் தீவனமாகப் போடப்பட்டிருந்தது. அப்போதுதான் இந்த நஞ்சையே உலகம் கண்டுபிடித்தது. பூத்த கடலையை மாட்டுக்கும் போடாதீர்கள். அந்த நஞ்சு பால் வழியாக நமக்கே திரும்பி வரும்.

யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

2021-ல் கொரோனா சமயத்தில் நாம் பயந்த ‘கருப்புப் பூஞ்சை’ நோய் வேறு. சுவரில் தெரியும் கறுப்பு வேறு. சுவர்க் கறையைப் பார்த்துப் பதற வேண்டாம். அதற்காக அலட்சியமும் கூடாது. கைக்குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள், வயதானவர்கள், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் பூஞ்சை பிடித்த அறையில் படுக்கவும் கூடாது, அதைச் சுத்தம் செய்யும் இடத்தில் நிற்கவும் கூடாது. வீட்டில் இருக்கும்போது இருமல், தும்மல், கண் அரிப்பு அதிகமாகி, வெளியூர் போனால் குறைகிறது என்றால், மருத்துவரிடம் வீட்டுச் சுவரைப் பற்றியும் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘பெயின்ட் அடிச்சுக் கொடுத்துட்டேனே’ என்று வீட்டு உரிமையாளர் சொன்னால், ஷீட் சோதனையைச் செய்து, தேதியோடு படம் எடுத்து அனுப்புங்கள். சண்டை போடுவதைவிட அந்தப் படம் நன்றாகப் பேசும். உரிமையாளர்களே... காயாத சுவரில் அடிக்கும் பெயின்ட் உங்கள் காசுக்கும் நஷ்டம்தான்.

மூன்றடிக்குச் செங்கல் தெரிந்த வீடு

பங்குனியில் சித்தி வீட்டுச் சுவரைக் கொத்திய பிறகு, கோடை முழுக்க மூன்றடி உயரத்துக்குச் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. நடுவில் சித்தப்பா வகையில் ஒரு சீர் வந்தது. வந்தவர்கள் எல்லாம், “என்ன, வீட்டை இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்கள். சித்திக்குக் கூச்சம் தாங்கவில்லை. “இந்த வாரமே பூசிடலாமா?” என்று மேஸ்திரிக்கு போன் போட்டார். “பொங்கலுக்கு ஊரு மெச்ச அடிச்சீங்களே அக்கா, மூணு மாசம் நின்னுச்சா?” என்று கேட்டிருக்கிறார் அவர். சித்தி மறுபடி போன் போடவில்லை.

ஆனி மாதம்தான் ஷீட் இரண்டு பக்கமும் காய்ந்து வந்தது. அதற்குப் பிறகு பூசி, அதையும் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்தோம். எமல்ஷன் மாதிரி பளபளப்பு இல்லை. சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டுகிறது. ஆனால், பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. தம்பியின் கட்டில் இப்போது சுவரிலிருந்து அரை அடி தள்ளி நிற்கிறது. மருத்துவர் கொடுத்த இன்ஹேலரும் தலைமாட்டில் தயாராக இருக்கிறது. ராத்திரி எழுந்து உட்கார்ந்து இருமுவது நின்றுவிட்டது என்கிறார் சித்தி.

வத்தல்மலையில் மணி 10. பலாமரம் தெரிய ஆரம்பித்தது. மேஸ்திரி எழுந்துபோய்ச் சாத்திய ஜன்னல்களைத் திறந்தார். எதிர் ஜன்னல் வழியாகக் காற்று வீட்டைக் கடந்து போனது.

உங்கள் வீட்டில் பீரோவை நகர்த்தி எத்தனை நாள் ஆகிறது? மழை தொடங்கும் முன் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை நகர்த்திப் பார்த்துவிடுங்கள்.